முகத்தில் கண் எங்கே நிற்கிறது?

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவ வம்சத்தின் கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. புராண மூதாதையரில் தொடங்கி, கோயிலை எழுப்பிய இரண்டாம் நந்திவர்மன் வரை நீளும் 8ஆம் நூற்றாண்டு வேலை அது. மணற்கல் பொரிந்து பல முகங்கள் வெறும் மேடாகிவிட்டன. கடாம்பி மீனாட்சி இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1941இல், இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. காட்சிகளின் வரிசை, அங்குள்ள கல்வெட்டு, செப்பேடுகள் தரும் வம்சாவளி ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தே அவர் அரசர்களை இனம் கண்டார். முகம் அங்கே சாட்சி சொல்லவில்லை. மாமல்லபுரம் ஆதிவராகர் குகையிலும் இதே நிலைதான். தலைக்கு மேல் பெயர் பொறித்திருப்பதால் ஒருவரைச் சிம்மவிஷ்ணு என்றும் இன்னொருவரை மகேந்திரன் என்றும் சொல்கிறோம். எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்ற வாதம் அப்போதும் தீரவில்லை.

உயிரோடு நடமாடும் முகங்களிடம் இந்தத் தடுமாற்றம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பெயர்ப் பலகையில்லாமலே தெரிந்தவரைக் கண்டுபிடித்துவிடுகிறோம். அந்த நொடியில் கண் முகத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துக் கையாண்டிருக்கிறார்கள். கண் எங்கெல்லாம் தாவுகிறது என்பது ஒன்று. அடையாளம் காண எவ்வளவு நுணுக்கம் தேவை என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே விசாரித்ததால் ஏற்பட்ட குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. விழித்திரையின் நடுக்குழி பார்க்கும் சுமார் இரண்டு பாகை அகலத்தில் மட்டுமே நமக்குக் கூர்மையான பார்வை உண்டு. ஆகவே நுணுக்கம் எங்கே கிடைக்கும் என்பதைக் கண் நிற்கும் இடமே முடிவு செய்கிறது.

பழைய விடைகள்

பார்வைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்ற எண்ணம் ஆய்வுக்கூடங்களில் பிறந்ததல்ல. திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான் திருவரங்கத்துப் பெருமானைத் திருவடியில் தொடங்கித் திருக்கண்களை நோக்கி ஏறிப் பார்க்கிறது. காஞ்சிபுரம் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் அந்தப் பாசுரங்களுக்கு உரை எழுதினார். பகவத் தியான சோபானம் என்ற தம் நூலிலும் அதே அரங்கனை அடியிலிருந்து முடிவரை படிப்படியாகத் தியானிக்கிறார். பாதாதிகேசம் என்று பெயர்பெற்ற இந்த மரபு, கண் எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்று விதிக்கிறது. தானாக விட்டால் கண் அப்படிச் செல்லாது என்பதை முன்னோர் அறிந்திருந்ததாலேயே விதி தேவைப்பட்டது என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் இதை அறிவியல் சான்றாக்குவது மிகை.

சிற்பியின் விடை வேறு வகை. தாள அளவின்படி முகம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம். நெற்றி, மூக்கு, மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை என அது மூன்று சம பங்காகும். ஒரே வகுப்பைச் சேர்ந்த தெய்வங்களுக்கெல்லாம் ஒரே விகிதம் என்பதால், இன்னார் என்று சொல்லும் வேலையை ஆயுதமும் முத்திரையும் வாகனமும் ஏற்றுக்கொள்கின்றன. மனித முகங்களில் இந்த விகிதங்கள் ஆளுக்கு ஆள் நூலிழை மாறுகின்றன. அடையாளம் அந்த மாறுதலில்தான் இருக்கிறது என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டு உளவியலில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அதன் பலவீனத்தைப் பிறகு பார்ப்போம்.

தாவலும் தங்கலும்

கண் ஒரு படத்தின் மீது வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓர் இடத்தில் கால் நொடி தங்கி, இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. நொடிக்கு மூன்று நான்கு முறை இது நடக்கிறது. சோவியத் ஆய்வாளர் ஆல்பிரட் யார்பஸ் இதை விழியில் ஒட்டிய ஒரு சிறு கருவி கொண்டு பதிவு செய்தார். அவருடைய நூல் 1965இல் ரஷ்ய மொழியிலும் 1967இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஒரு பெண்ணின் முகப்படத்தைப் பார்த்தவரின் பார்வைத் தடங்கள் இரண்டு கண்களிலும் வாயிலும் குவிந்து முக்கோணமாகத் தெரிந்த படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அவர் இன்னொன்றையும் காட்டினார். ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்றைக் காட்டி, இவர்கள் வயது என்ன, வசதி எப்படி என்று வெவ்வேறு கேள்விகள் கேட்டபோது, அதே மனிதரின் பார்வைத் தடம் ஒவ்வொரு முறையும் மாறியது. எதைத் தேடுகிறோமோ அதற்கேற்பக் கண் நடக்கிறது.

1971இல் நோட்டன், ஸ்டார்க் என்ற இருவர் துணிந்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். முதல்முறை பார்க்கும்போது கண் சென்ற பாதையே நினைவாகப் பதிகிறது. மீண்டும் பார்க்கும்போது அதே பாதையில் நடந்து பொருத்திப் பார்க்கிறோம் என்றார்கள். அழகான கோட்பாடு, சோதனையில் தேறவில்லை. 2005இல் ஹெண்டர்சன் குழுவினர், புது முகங்களைக் கற்கும்போது சிலரைக் கண்ணை அசைக்காமல் பார்க்கச் செய்தனர். அப்படிக் கற்றவர்கள் பின்னர் அம்முகங்களை அடையாளம் காண்பதில் வெகுவாகப் பின்தங்கினர். ஆனால் அடையாளம் காணும் வேளையில் எல்லோருடைய தடங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. கற்றபோது சென்ற பாதையின் மறுநடை அல்ல. கற்பதற்குக் கண் உலவ வேண்டும், கண்டுகொள்வதற்கு அந்த உலா திரும்ப நிகழ வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எத்தனை தங்கல் போதும் என்ற கேள்விக்கு ஷியாவும் காட்ரெலும் 2008இல் விடை தந்தனர். இரண்டு. ஒன்றே ஒன்றிலும் வெறும் ஊகத்தைவிட மேலான விடை கிடைத்தது. இரண்டுக்கு மேல் கூடியதால் பயன் கூடவில்லை. அந்த இரண்டும் விழுந்த இடம் யார்பஸின் முக்கோண முனைகள் அல்ல, மூக்கை ஒட்டிய பகுதி.

கண்களுக்குச் சற்றுக் கீழே

மூக்கில் பார்க்க என்ன இருக்கிறது? பீட்டர்சனும் எக்ஸ்டீனும் 2012இல் இதற்கு ஒரு கணக்கு போட்டார்கள். பார்வைக் கூர்மை நடுவிலிருந்து விலக விலகக் குறைகிறது என்ற வரம்போடு, முகத்திலிருந்து அதிகபட்சத் தகவலை ஒரே தங்கலில் எடுக்க வேண்டுமானால் எங்கே நிற்பது சிறந்தது? கணக்கு காட்டிய இடம் கண்களுக்குச் சற்றுக் கீழே. மனிதர்களின் முதல் தாவலும் ஏறக்குறைய அங்கேதான் விழுந்தது. அந்த இடத்தில் தனியாகச் செய்தி எதுவும் இல்லை; அங்கே நின்றால் கண்கள், புருவம், மூக்கு, வாய் நான்கும் ஒருசேர எட்டும்.

பண்பாட்டு வேறுபாடு பற்றிய விவாதமும் இந்தக் கணக்கோடு இணைகிறது. 2008இல் கிளாஸ்கோவில் பிளேயும் கால்டாராவும் உள்ளிட்ட குழு, மேற்கத்தியர் கண்களையும் வாயையும் சுற்றி வர, கிழக்காசியர் மூக்கின் நடுவில் தங்குவதாக அறிவித்தது. பண்பாடு பார்வையின் அடிப்படையையே மாற்றுகிறது என்று பலர் எழுதத் தொடங்கினர். இரண்டே ஆண்டில் கால்டாரா குழுவே அதற்கு ஓர் எல்லை கட்டியது. பார்க்கும் இடத்தைச் சுற்றி 2 அல்லது 5 பாகை மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்தபோது, இரு சாராரும் கண்களையும் வாயையுமே நாடினர். சாளரம் 8 பாகையாக விரிந்ததும் கிழக்காசியர் மூக்குக்குத் திரும்பினர். தேவைப்படும் தகவல் ஒன்றே, எடுக்கும் வழிதான் இரண்டு என்று இதைப் படிக்கலாம். அதோடு, ஒரே ஊரிலும் ஆளுக்கு ஆள் தங்குமிடம் மாறுகிறது. மூக்கு நுனியருகே பார்க்கும் பழக்கமுள்ளவரைக் கண்ணருகே பார்க்கச் சொன்னால் அவர் திறமை குறைகிறது என்று பீட்டர்சனும் எக்ஸ்டீனும் 2013இல் காட்டினர். ‘கிழக்கு, மேற்கு’ என்ற பிரிவினைக்குள் தமிழரையோ இந்தியரையோ எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இந்த ஆய்வுகள் விடை தரவில்லை. விடை தர அவை திட்டமிடப்படவும் இல்லை.

எவ்வளவு நுணுக்கம்?

1973இல் லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சதுரக் கட்டங்களாகச் சிதைத்து வெளியிட்டார். கிட்ட வைத்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கினாலோ தள்ளி வைத்தாலோ லிங்கன். கட்டங்களின் கூரிய விளிம்புகள் புகுத்திய பொய் நுணுக்கம்தான் முகத்தை மறைத்தது என்று ஹார்மனும் யூலெஸும் விளக்கினர். நுணுக்கம் கூடினால் அடையாளம் எளிதாகும் என்ற எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது.

அதன்பின் நடந்த அளவீடுகள் ஒரு நடுத்தர வரம்பைச் சுட்டின. ஒரு முகத்தின் குறுக்கே சுமார் 8 முதல் 16 வரை வெளிச்ச–நிழல் இணைகள் அடங்கும் அளவு நுணுக்கம் இருந்தால் அடையாளத்துக்குப் பெரும்பாலும் போதும். இமைமயிரும் தோல்துளையும் அந்த வரம்புக்கு மேலே. தலையின் மொத்த உருவம் அதற்குக் கீழே.

இதைக் காஞ்சிபுரத்துத் தெருவில் பொருத்திப் பார்க்கலாம். மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 15 செ.மீ. காந்தி சாலைப் பட்டுக் கடையில் புடவை விரித்த பாய்க்கு அந்தப் பக்கம், ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் முகம் நம் கண்ணில் எட்டுப் பாகைக்கு மேல் விரிகிறது. கூர்மையான பார்வைக்குள் அதில் ஒரு பகுதிதான் அடங்கும்; கண் தாவியே ஆக வேண்டும். அதே ஆள் பத்து மீட்டர் தள்ளி நின்றால் முகம் முழுவதும் ஒரு பாகைக்குள் வந்துவிடும். தாவ இடமே இல்லை. ஆயினும் யாரென்று தெரிகிறது. குறையில்லாத கண் பாகைக்குச் சுமார் 30 இணைகளைப் பிரித்தறியும் என்று கொண்டால், முப்பது மீட்டர் வாக்கில் முகத்துக்கு எட்டு இணைகள்தான் மிஞ்சும். அதற்கு அப்பால் நடையையும் உடல்வாகையும் நம்ப வேண்டியதுதான். இது தோராயக் கணக்கு. மங்கிய வெளிச்சமும் நிழலும் இதைக் கீழே இழுக்கும். தூரம் என்பது படத்தை மங்கலாக்குவதற்குச் சமம் என்று லாஃப்டஸும் ஹார்லியும் 2005இல் வாதிட்டது இந்தத் தர்க்கத்தில்தான். நேரில் கண்ட சாட்சியை எடைபோடும் நீதிமன்றங்களுக்கு அதில் நேரடிப் பயன் உண்டு.

எந்த நுணுக்கம் என்பதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. 2003இல் சாதர், ஜருடி, பவன் சின்ஹா மூவரும் புகழ்பெற்றவர்களின் படங்களில் ஒருமுறை கண்களையும் ஒருமுறை புருவங்களையும் அழித்துக் காட்டினர். புருவம் போனபோதுதான் அடையாளம் அதிகம் கெட்டது. நெற்றிக்கும் கண்ணுக்கும் இடையே அழுத்தமான இருள் கோடு, தூரத்திலும் மங்கலிலும் கரையாதது. முதலிடத்தைக் கண்ணுக்கே கொடுத்துப் பேசிவந்த கோட்பாடுகள் எல்லாம் இதற்குப் பிறகு புருவத்தையும் சேர்த்தே பேச வேண்டியதாயிற்று.

முழு முகமா, உறுப்புகளா?

முகத்தைக் கூறு கூறாக அல்ல, ஒரே உருவாக எடுக்கிறோம் என்ற கட்சிக்குச் சான்றுகள் வலுவானவை. 1969இல் யின், தலைகீழாக்கினால் மற்றப் பொருள்களைவிட முகம் அதிகம் அடையாளம் இழக்கிறது என்று காட்டினார். 1980இல் தாம்சன், மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் திருப்பி ஒட்டினார். படம் தலைகீழாக இருக்கும்வரை அந்தக் கோரம் தெரியவில்லை. 1987இல் யங் குழு, ஒருவரின் மேல்பாதி முகத்தோடு இன்னொருவரின் கீழ்ப்பாதியை ஒட்டினால் புதியவர் ஒருவர் தோன்றி இருவரையும் மறைத்துவிடுவதைக் காட்டியது. சாய்வு கூடக் கூட அடையாளம் படிப்படியாகக் குறைகிறது என்பதும் தெரிந்ததே. 2019இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் ஜூலை முழுதும் சயனக் கோலத்திலும், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலத்திலும் காட்சி தந்தார். வரிசையில் நகர்ந்தபடி பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே முகமாகத் தோன்றாதிருந்தால் அதில் வியப்பில்லை.

இந்தக் கட்சியின் பலவீனம் ‘முழுமை’ என்ற சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. உறுப்புகளுக்கு இடையிலான தூர விகிதம்தான் முழுமை என்று பலர் கொண்டனர். அதாவது சிற்பியின் தாள அளவை அடையாள அட்டையாக்கினர். ஆனால் தெரிந்தவரின் படத்தை உயரவாக்கில் இருமடங்கு இழுத்தாலும் அவரை எளிதில் கண்டுகொள்கிறோம். இழுத்த படத்தில் உயரத்துக்கும் அகலத்துக்கும் இடையிலான விகிதம் எல்லாம் பாழ். 2015இல் பர்ட்டன் குழு இதை மையமாக்கி அந்த விளக்கத்தைக் கடுமையாக எதிர்த்தது. நியாயமான எதிர்ப்பு என்றே படுகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. ஒருமுறை பார்த்த முகத்தை ஆண்டுகள் கழித்தும் மறக்காத அபூர்வத் திறமைசாலிகள் சிலர் உண்டு. 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர்களுக்குச் சிறு சாளரத்தின் வழியே முகத்தைத் துண்டு துண்டாகக் காட்டினர். முழு முகம் தெரியாத நிலையிலும் அவர்கள் முந்தினர். அவர்களின் பார்வை கண் பகுதியில் ஒட்டிக்கொள்ளாமல் முகமெங்கும் பரவியது. இதன் மறுதலையாக, மூளைக் காயத்தால் முகம் அறியும் திறனை இழந்த ஒரு பெண்ணை 2005இல் கால்டாரா குழு ஆராய்ந்தபோது, அவர் கண் பகுதியைப் பயன்படுத்தாமல் வாயை நம்பியிருந்தார்.

தாமதமாகத் திறந்த கண்கள்

இந்தத் துறையில் இந்தியா தந்துள்ள சான்றுதான் மிகக் கனமானது. அது துயரத்திலிருந்து வந்த சான்று. பிறவிக் கண்புரையோடு பிறந்து, அறுவை சிகிச்சை எட்டாமல் ஆண்டுக்கணக்கில் பார்வையற்று வளர்ந்த குழந்தைகள் இங்கே ஏராளம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா, டெல்லியின் ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு சேர்ந்து நடத்தும் ‘பிரகாஷ்’ திட்டம் அவர்களுக்குச் சிகிச்சை அளித்து, பார்வை எப்படிப் படிகிறது என்பதையும் தொடர்ந்து பதிவு செய்கிறது.

முந்தைய சான்று கனடாவிலிருந்து வந்தது. 2001இல் லெ கிராண்ட், மாரர் குழு, பிறந்து ஆறு மாதத்துக்குள் புரை நீக்கப்பட்ட 14 பேரைப் பல ஆண்டுகளுக்குப் பின் சோதித்தது. கண்ணோ வாயோ மாறினால் கண்டுபிடித்தார்கள்; அவற்றின் இடைவெளி மட்டும் மாறினால் தவறவிட்டார்கள். வாழ்வின் தொடக்கத்தில் சில மாத இருட்டு, நிரந்தரமாக எதையோ பறித்துக்கொண்டது. 2003இல் வந்த தொடர் ஆய்வு, இடது கண் மட்டும் மறைந்திருந்தவர்களிடம் அந்தக் குறை இருப்பதையும் வலது கண் மறைந்திருந்தவர்களிடம் இல்லாததையும் காட்டியது. பச்சிளம் பருவத்தில் இடது கண்ணின் செய்தி பெரும்பாலும் வலது மூளைக்குச் செல்கிறது.

இதன்படி, பல ஆண்டு இருட்டில் இருந்த இந்தியக் குழந்தைகள் நம்பிக்கைக்கு இடமற்றவர்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. பன்னிரண்டு வயதில் பார்வை பெற்ற ஒரு பெண்ணை இருபது ஆண்டு கழித்துச் சோதித்த சின்ஹா குழு, சிக்கலான பல பார்வைப் பணிகளில் அவர் எதிர்பாராத திறமை காட்டியதாக 2006இல் எழுதியது. 2017இல் வந்த ஆய்வு, சிகிச்சைக்குப் பின் மாதங்கள் செல்லச் செல்ல ‘இது முகம், இது முகமல்ல’ என்று பிரிக்கும் திறன் குழந்தைகளிடம் உருவாவதைக் காட்டியது. ஆனால் முகம் என்று அறிவதற்கும் இன்னார் முகம் என்று அறிவதற்கும் இடையே தூரம் அதிகம். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் நிறுவனத்தில் பிரிகிட்டே ரோடர் குழு மூளை மின்னலைகளைப் பதிந்து 2013இல் வெளியிட்ட முடிவு அந்தத் தூரத்தைச் சுட்டுகிறது. முகம் கண்ட 170 மில்லி நொடி வாக்கில் எழும் தனி அலை, பிறவிப் புரை நீக்கப்பட்டவர்களிடம் முகத்துக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடின்றி எழுந்தது. பிறந்த பின்னர் புரை வந்தவர்களிடம் வேறுபாடு இயல்பாக இருந்தது.

ஏன்? 2018இல் ஃபோகல்சாங், சின்ஹா குழு வித்தியாசமான ஒரு விடையை முன்வைத்தது. பிறந்த குழந்தையின் பார்வை பெரியவர்களுடையதில் இருபது, முப்பதில் ஒரு பங்கு கூர்மையோடுதான் தொடங்குகிறது. அந்த மங்கலில் புருவமும் இமையும் தனித்தனியே தெரியாததால், முகத்தின் பெரிய அமைப்பைக் கற்பதைத் தவிரக் குழந்தைக்கு வேறு வழியில்லை. தாமதமாகக் கண் திறந்தவருக்கு நுணுக்கம் முதல் நாளே அதிகம், உறுப்புகளில் சிக்கிக்கொள்கிறார். மங்கல் படங்களில் தொடங்கிக் கூர்மைக்கு நகர்த்திப் பயிற்றிய கணினி வலையமைப்பு மேலாகச் செயல்பட்டது என்பதே அவர்களின் ஆதாரம்.

சிந்தனையைத் தூண்டும் கருதுகோள் இது; நிறுவப்பட்ட உண்மையாக எழுதுவோர் அவசரப்படுகிறார்கள். கணினி வலையமைப்பு குழந்தை அல்ல. அதைவிட முக்கியமானது, தாமதமாகச் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்கு விழி நடுக்கம் நிற்பதில்லை. கண் ஓரிடத்தில் தங்க முடியாதவருக்கு ‘கண்களுக்குச் சற்றுக் கீழே’ நிற்பதும் இயலாது, இரண்டு தங்கலும் இல்லை. அவர்களின் குறையில் மூளையின் பங்கு எவ்வளவு, மங்கலின்மையின் பங்கு எவ்வளவு, நில்லாத விழியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். தங்கலையும் நுணுக்கத்தையும் தனித்தனியே விசாரிக்கும் பழக்கத்தின் விலை இங்கேதான் தெரிகிறது.

வடக்கு முகம், தெற்கு முகம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஹரீஷ் கட்டியும் எஸ்.பி.அருணும் 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு கோணத்திலிருந்து வருகிறது. 1,647 இந்திய முகங்களைத் திரட்டி, இவர் வட இந்தியரா தென்னிந்தியரா என்று மனிதரையும் கணினியையும் கேட்டனர். மனிதர் சரியாகச் சொன்னது சுமார் 64 சதவீதம். காசைச் சுண்டினால் 50. கணினி முறைகளும் எண்ணிக்கையில் அருகே வந்தன. ஆனால் மனிதர் எந்த முகத்தில் தவறினாரோ அங்கேயே கணினியும் தவறவில்லை. மனிதரின் விடைகளோடு அதிகம் பொருந்தியது வாயின் வடிவம். வாயை மறைத்தபோது கணிப்பு அதிகம் கெட்டது. இன்னார் என்று அறியப் புருவம், எந்தப் பகுதியார் என்று கணிக்க வாய் என்றால், நுணுக்கத்தின் மதிப்பும் யார்பஸ் சொன்னபடி கேள்வியைப் பொறுத்ததே. முகத்தை வைத்துப் பிரதேசம் சொல்லிவிடுவேன் என்று சவால் விடுவோர் அந்த 64ஐ நினைவில் வைப்பது நல்லது.

தெரிந்தவரும் தெரியாதவரும்

மேற்கண்ட சோதனைகளில் பெரும்பாலானவை அறிமுகமில்லாதவரின் அசையாத படத்தை வைத்து நடந்தவை. அது சின்ன வேறுபாடு அல்ல. 1999இல் பர்ட்டன் குழு மங்கலான கண்காணிப்பு கேமராப் பதிவைக் காட்டியபோது, பதிவிலிருந்த பேராசிரியர்களை அவர்களின் மாணவர்கள் எளிதில் கண்டுகொண்டனர். அவர்களை அறியாத காவல்துறையினர் அனுபவம் இருந்தும் தடுமாறினர். 2011இல் ஜென்கின்ஸ் குழு இரண்டு டச்சுப் பிரபலங்களின் தலா 20 படங்களைக் கலந்து கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னது. அவர்களை அறியாத பிரிட்டன்வாசிகள் சராசரியாக ஏழெட்டுப் பேர் இருப்பதாகப் பிரித்தனர். டச்சுக்காரர்களுக்கு அது இரண்டே பேர்.

இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பழைய வழக்குகள் பலவற்றின் சூடு தணிகிறது. புது முகத்தைக் கற்கும்போது கண் உலவ வேண்டும், துண்டுகளைச் சேர்க்க வேண்டும், அதில் ஆளுக்கு ஆள் வழி வேறுபடும். கற்றுத் தேர்ந்த முகத்துக்கு ஒரு தங்கலும் நடுத்தர நுணுக்கமும் போதும். விகிதம் குலைந்தாலும் மங்கலானாலும் அது தாங்கும். உலவல் கட்சியும் ஒரே பார்வைக் கட்சியும் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசின என்பதே இன்றுள்ள சான்றுகளோடு அதிகம் ஒத்துவரும் வாசிப்பு.

தீராதவையும் உண்டு. தெரியாத முகம் எந்தக் கட்டத்தில், எத்தனை சந்திப்பில் தெரிந்த முகமாகிறது, அப்போது கண்ணின் தங்குமிடம் மாறுகிறதா என்பதை நாள்போக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வுகள் குறைவு. சிரித்து, பேசி, திரும்பி நிற்கும் முகத்தில் ‘கண்களுக்குச் சற்றுக் கீழே’ என்ற கணக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதும் அப்படியே. பிறந்த கணத்து மங்கல் உதவுகிறது என்ற கருதுகோளைக் கணினிக்கு வெளியே சோதிப்பதில் அறச் சிக்கலும் இருக்கிறது. குழந்தைகளுக்குப் புரையை முதல் மாதங்களிலேயே நீக்குவதுதான் மருத்துவத்தின் குறி. அது கைகூடும் வேகத்தில், இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வரும்.